விழித்தவள் சொன்னால் எடுபடாது

ரின்டெல்ன், 2 மே 1818

டாக்டர் லேபரெக்ட் ஓஸ்டர்லோ அவர்களுக்கு, மின்டென்.

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் காலை எங்கள் ஊர் மருந்துக்கடை ஹாஸன்பால்க், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது ஒரு பத்திரிகையைப் பிரித்து உரக்கப் படித்திருக்கிறார். காந்த வைத்தியர்களுக்காக நடத்துகிற பத்திரிகையாம். இந்த ஊரில் அதற்குச் சந்தா கட்டுகிற ஒரே ஆள் அவர்தான். அதில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "ரி. நகரைச் சேர்ந்த கெ. வி. என்னும் கன்னி, வயது இருபத்தாறு, வடக்கு வாசலருகே கயிறு திரித்து வந்து காலமானவரின் மகள்." வடக்கு வாசலில் எத்தனை கயிற்றுக்காரர்கள் செத்துப்போனார்கள் என்று நினைத்தீர்கள்? கெசீனா விட்கோப் என்று முழுசாகவே போட்டிருக்கலாமே, மை மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது?

ஜூன் மாதம் எனக்கும் அதே ஹாஸன்பால்குக்கும் கல்யாணம் என்பது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் அந்தக் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்லி என் அண்ணனுக்குக் கடிதம் எழுதியதே நீங்கள்தான். இப்போது அவர் தன் வாடிக்கைக்காரர்கள் முன்னால், தன் வாயாலேயே படித்தார்: "அவருடைய விரல்களில் ரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் போட்டு வைக்கும் பாத்திரத்தின் நாற்றம். அந்தக் கையைப் பிடிப்பதைவிட வெசர் ஆற்றில் இறங்குவேன் என்று துயிலில் கூறினார்." படித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கடையை அடைத்துவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அண்ணன் ஹின்ரிக்கிடம் மோதிரத்தைக் கொடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

அதே பக்கத்தில், நான் போய்விட்டால் பின்னறை தனக்குக் கிடைக்கும் என்று அண்ணி மெட்டா காத்திருப்பதாகவும் நான் சொன்னேனாம். அண்ணி நேற்றிலிருந்து தட்டை என் முன்னால் வைப்பதில்லை, எறிகிறாள். அண்ணன் கேட்டான்: "ஏன்டி, தூக்கத்துல ஒளறினதா அது? இல்ல மனசுல இருந்ததா?"

அந்த ஆளைக் கட்டிக்கொள்ள எனக்கு இஷ்டம் இல்லை என்பது வேறு விஷயம். அதை நானே, கதவைச் சாத்திக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து வாரம் உங்கள் வீட்டில் இருந்தேன். என் கைகால் இழுப்புக்கு வைத்தியம் என்று அந்த இரும்புத்தூள் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, கம்பியை வயிற்றில் வைத்து, தலையிலிருந்து கால்வரை காற்றிலேயே நீவினீர்கள். நான் தூங்கினேன், பேசினேன். நீங்களும் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் சுங்கத்துக்காரரும் எழுதிக்கொண்டீர்கள். விழித்ததும், "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பேன். "அதைத் தங்களுக்குச் சொல்லக் கூடாது, அதுதான் விதி" என்பீர்கள். எனக்குச் சொல்லக் கூடாது, ஊருக்குச் சொல்லலாம். நல்ல விதி!

ஏழு குறிப்பேடுகள் இருக்கின்றன. ஏழும் எனக்கு வேண்டும்.

கெசீனா விட்கோப்


மின்டென், 5 மே 1818

மதிப்பிற்குரிய செல்வி விட்கோப் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதன் தொனியைத் தங்கள் நரம்புகளின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். தங்கள் கணக்கில் அல்ல.

தங்களுக்கு நேர்ந்த சங்கடத்துக்கு வருந்துகிறேன். ஆயினும் ஒன்றைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். துயிலில் பேசியவர் வேறு, இக்கடிதத்தை எனக்கு எழுதியவர் வேறு. துயிலில் பேசியவர் உடல்களின் உள்ளே பார்த்தார். சுங்க அதிகாரியின் கல்லீரலைப் பற்றி அவர் சொன்னதை இன்றும் வியந்து பேசுகிறோம். அவர் என் குறிப்பேடுகளுக்கு அளித்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை விழித்திருப்பவருக்கு இல்லை. அவை அறிவியலின் சொத்து. தர இயலாது.

இதை எழுதுவது வேறொரு காரணத்துக்காக. என் மகள் ஃபீகேவைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாங்கள் கற்றுக்கொடுத்த முடிச்சுகளை இன்றும் வீட்டில் கிடைக்கும் கயிற்றிலெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் தேதி மதியம் இரண்டு மணிக்கு அவளுக்குப் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் கண்டது. பிறகு கொதிப்பு, பிறகு வியர்வை; மாலையில் எழுந்து ரொட்டி கேட்டாள். மூன்றாம் தேதி, அதே மணிக்கு, மறுபடியும். இன்றும் அப்படியே. நோய் தானாக வெளியேறத் தொடங்கும் இந்த நிலையைத்தான் நாங்கள் 'திருப்பம்' என்கிறோம். இவ்வளவு ஒழுங்கான திருப்பத்தை இருபது வருட அனுபவத்தில் நான் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் நான் நீவிய பிறகு நடுக்கம் நிற்கிறது.

ஆனால் அவள் இளைக்கிறாள். ஒன்பது வயதுக் குழந்தை. இது எத்தனை முறை வரும், எந்த நாளில் முடியும் என்பதைத் தங்கள் துயில் கண் மட்டுமே சொல்ல முடியும். ஒரே ஒரு முறை வந்து அந்த நாற்காலியில் அமர வேண்டுகிறேன். வண்டிக் கூலி என்னுடையது.

பணிவுடன்,
டாக்டர் லே. ஓஸ்டர்லோ


ரின்டெல்ன், 7 மே 1818

டாக்டர் அவர்களே,

திருப்பமாம் திருப்பம்! படித்த மனிதர்தானே நீங்கள்?

ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே மணிக்கு நடுக்கம், பிறகு கொதிப்பு, பிறகு வியர்வை. வெசர் ஆற்றங்கரையில் எந்தத் துணி துவைக்கிறவளைக் கேட்டாலும் இதன் பெயரைச் சொல்வாள். முறைக்காய்ச்சல். ஏப்ரலில் வெள்ளம் வடிந்த புல்வெளியில் ஃபீகே தவளை பிடிக்கப் போயிருப்பாள், நீங்கள் உங்கள் தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் நீவுவதால் நடுக்கம் நிற்கவில்லை. நிற்கிற நேரம் வந்ததும் நிற்கிறது. நீங்கள் பக்கத்து அறையில் செருப்புத் துடைத்துக்கொண்டிருந்தாலும் நிற்கும்.

இதற்குச் சின்கோனாப் பட்டை கொடுங்கள். கசக்கும், துப்புவாள், மடியில் பிடித்துவைத்துக் கொடுங்கள். எங்கள் தெருவில் பட்டை கொடுக்காததால் இரண்டு பிள்ளைகள் செத்துப்போனார்கள். கொடுத்த பிள்ளைகள் இன்றைக்குக் கல்லெறிந்து ஜன்னல் உடைக்கிறார்கள்.

நான் வர மாட்டேன். என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு, வண்டிச் சத்தம் கொடுத்து மறுபடி நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று நினைக்கிற துணிச்சல் உங்களுக்குத்தான் வரும். பட்டையைக் கொடுங்கள். குறிப்பேடுகளை அனுப்புங்கள்.

கெசீனா விட்கோப்


மின்டென், 8 மே 1818

மதிப்பிற்குரிய செல்வி விட்கோப் அவர்களுக்கு,

என் மகளின் பெயரால் தாங்கள் எனக்கு வைத்தியம் கற்பிப்பதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

என் மனைவியைப் பழைய வைத்தியர்கள் மூன்று பேர் சேர்ந்து கொன்றார்கள். ரத்தம் வடித்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், பட்டையும் கொடுத்தார்கள். பதினொரு நாளில் ஒன்றும் மிச்சமில்லை. அவர்களுடைய மருந்துப் பெட்டி இந்த வீட்டுப் படியேறாது என்று அன்று நான் சத்தியம் செய்தேன்.

இது கிடக்கட்டும். பட்டை கூடாது என்று எனக்குச் சொன்னவர் யார் என்று தாங்கள் நினைக்கிறீர்கள்? இரண்டாம் குறிப்பேடு, 1817 மார்ச் 20. தங்கள் துயில் வாக்கு, எழுத்து மாறாமல்: "பட்டை கூடாது. பட்டை வழியை அடைக்கும். வழி அடைபட்டால் நோய் உள்ளேயே குடியிருக்கும்." பாதிரியார் சாட்சி. அடிக்கோடிட்டு அச்சிட்டேன், பக்கம் நாற்பத்தொன்று. பிரெஸ்லாவிலிருந்து ஒரு வைத்தியர், அதைப் படித்தது முதல் தம் நோயாளிகளுக்குப் பட்டையை நிறுத்திவிட்டதாக நன்றி எழுதியிருக்கிறார்.

ஆகவே என் மகளைப் பட்டையிலிருந்து காப்பதும் தங்கள் சொல்தான். நேற்று நான்காவது திருப்பம் வந்தது. முந்தையவற்றைவிட ஒரு மணி நேரம் நீண்டது. மறுபடியும் கேட்கிறேன், வாருங்கள்.

லே. ஓஸ்டர்லோ


ரின்டெல்ன், 10 மே 1818, பெந்தெகொஸ்தே ஞாயிறு

டாக்டர் அவர்களே,

எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் போகவில்லை. இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். நான்காவது முறை எழுந்திருக்கக் கூடாது என்று கதவைத் தாழ் போட்டிருக்கிறேன்.

நான் தூங்கவில்லை.

முதல் பத்து நாள் தூங்கினேன், அது உண்மை. எப்படி என்று தெரியாது. இழுப்பு குறைந்ததும் உண்மை, அதற்கு நன்றியும் உண்டு. மார்ச் 14, வெள்ளிக்கிழமை. உங்கள் கை என் முகத்துக்கு முன்னால் இறங்கியது, கண்ணை மூடினேன், தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் ஃபீகே பந்து உருட்டுவது கேட்டது. பாதிரியார் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "தூங்கிட்டாங்க" என்றீர்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உடனே நாலு பேனாவும் மையில் இறங்குகிற சத்தம் கேட்டது.

என் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தைக் கடைசிவரை சொல்லி முடித்து எத்தனை வருஷம் ஆகிறது, தெரியுமா உங்களுக்கு? அப்பா இருந்தவரை அப்பா, பிறகு அண்ணன், பிறகு அண்ணி. நான் ஆரம்பிப்பேன், யாராவது முடிப்பார்கள். அங்கே நாலு ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் இருமினால் அதையும் எழுதினீர்கள். சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்ததால் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், மனசில் இருந்ததும் வந்தது. சுங்கத்துக்காரருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது என்பதற்குத் துயில் கண் எதற்கு? அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பிராந்தி வாடை என் மேலேயே ஒட்டிக்கொள்ளும்.

பட்டைக்கு வருகிறேன். எனக்கு இழுப்பு வந்தபோது மெட்டா தினமும் காலையில் மூக்கைப் பிடித்துப் பட்டைக் கஷாயம் ஊற்றினாள். நான் உங்கள் வீட்டிலிருந்து திரும்பியதும் மறுபடி ஊற்றுவாள் என்று தெரியும். அந்தக் கசப்பு வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். நானாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் தூங்குகிறவள் சொல்வதுபோல, வழியை அடைக்கும் என்று அளந்துவிட்டேன். என்ன வழி, எங்கே போகிற வழி என்று எனக்கே தெரியாது!

இதை ஊர் அறிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தூக்கத்தில் உளறியவள் என்றால் பாவம் என்று விடுவார்கள். முழித்துக்கொண்டே மாப்பிள்ளையை நாற்றம் என்றவள், பாதிரியாரை உட்காரவைத்து ஏமாற்றியவள் என்றால் என்னை எந்த வீட்டிலும் வேலைக்குக்கூட வைக்க மாட்டார்கள். அப்படியும் எழுதுகிறேன். என் கையெழுத்தில் இருக்கிறது, யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். பட்டையை மட்டும் கொடுத்துவிடுங்கள். நாளை ஆறாவது வரும். அதற்கு முன்னால் கொடுங்கள்.

கெசீனா


மின்டென், 11 மே 1818, மாலை

செல்வி விட்கோப் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் வரவில்லை. எதிர்பார்த்திருந்தேன்.

மூன்றாம் குறிப்பேடு, ஏப்ரல் 2. துயிலில் தாங்கள்: "அவள் விழித்தபின் இதையெல்லாம் மறுப்பாள். தூங்கவே இல்லை என்பாள். அவளை நம்பாதீர்கள், அவள் பயந்தவள்." பதின்மூன்று மாதங்களுக்கு முன்பே தங்கள் இன்றைய கடிதத்தைத் தாங்களே முன்னறிந்து சொல்லியிருக்கிறீர்கள். இதைவிடப் பெரிய சான்று இந்தக் கலைக்கு வேறென்ன வேண்டும்? துயிலைப் பற்றி விழித்தவர் தரும் சாட்சியம் எந்தச் சபையிலும் ஏற்கப்படுவதில்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மறுக்கிறீர்கள். மன்னிக்கிறேன்.

இன்று ஆறாவது. நான்கு மணி நேரம். வியர்வை வந்த பிறகும் அவள் எழவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறாள், தாங்கள் கற்றுக்கொடுத்த முடிச்சு. இன்று கயிற்றை என்னிடம் நீட்டினாள். "நீங்க போடுங்கப்பா. கைல பலமில்ல. கெசீனா அத்தை எப்ப வருவாங்க?" எனக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியவில்லை. ஏதோ ஒன்று போட்டேன். "அது இல்லப்பா" என்றாள்.

உதடு வெளுத்திருக்கிறது. நான் நீவிக்கொண்டே இருக்கிறேன். துயிலில் தாங்கள் என்ன சொன்னாலும் செய்வேன். எதுவாக இருந்தாலும். வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓஸ்டர்லோ


ரின்டெல்ன், 12 மே 1818

டாக்டர் அவர்களே,

நல்ல காரியம் செய்தேன். என் வாயாலேயே என் வாயை அடைத்து வைத்திருக்கிறேன்.

சரி. விழித்திருப்பவள் சொல் உங்கள் வீட்டில் எடுபடாது என்றால், தூங்குகிறவளே வந்து சொல்லட்டும். நாளை மறுநாள் வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அன்றைக்கு நடுக்கம் வராத நாள். பாதிரியார் வேண்டாம், பள்ளி ஆசிரியர் வேண்டாம், சுங்கத்துக்காரர் கண்ணிலேயே படக் கூடாது. ஃபீகே படுத்திருக்கும் அறையிலேயே நாற்காலியைப் போடுங்கள். குறிப்பேடும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன சொன்னாலும் செய்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுவருகிறேன்.

கெசீனா விட்கோப்


மின்டென், 29 மே 1818

அன்புள்ள செல்வி கெசீனா அவர்களுக்கு,

நீங்கள் போன மறுநாள், பதினைந்தாம் தேதி, எட்டாவது வந்தது. முக்கால் மணி நேரம், லேசாக. பதினேழாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு அவள் கட்டிலருகே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று அடித்தது. நாலு அடித்தது. "ஏம்ப்பா நிக்கிறீங்க, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்து அழுதேன். இன்றோடு பன்னிரண்டு நாள். பியர் ஊற்றிக் காய்ச்சிய சூப்பை மூன்றாம் முறை கேட்டு வாங்குகிறாள். எட்டு முடிச்சுக் கயிற்றை உங்களுக்கு அனுப்பச் சொன்னாள், இத்துடன் இருக்கிறது. ஆறாவது என்னுடையது, பார்த்தாலே தெரியும்.

வியாழக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். ஏழாவது நீவலில் உங்கள் கண் மூடியது. "அவள் கொண்டுவந்த சாம்பல் நிறக் கூடையில், துணிக்கு அடியில், பட்டைப் பொடி. சிவப்பு ஒயினில் ஒரு தேக்கரண்டி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும்" என்றீர்கள். "முன்பு கூடாது என்றீர்களே?" என்று கேட்டேன். "அது அவளுக்கு. இது இந்தக் குழந்தைக்கு" என்றீர்கள். தடுமாறாமல், கொஞ்சம் எரிச்சலோடு.

அப்போது என் விரல் உங்கள் மணிக்கட்டில் இருந்தது. காந்தத் துயிலில் நாடி நிமிஷத்துக்கு அறுபதைத் தாண்டாது. அப்படி எழுதியும் அச்சிட்டும் இருப்பவன் நான். எண்ணினேன். தொண்ணூற்றாறு. மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றாறு.

ஃபீகே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கூடையைத் திறந்தேன். பொடியைக் கலக்கிக் கொடுத்த பிறகு குறிப்பேட்டில் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். அதைத் திருத்தவில்லை.

ஏழு குறிப்பேடுகளும் இந்தப் பொதியில் இருக்கின்றன. அவை உங்களுடையவை, நீங்கள் சொன்னது சரிதான். ஒரே ஒரு வேண்டுகோள். நடந்தது நம் இருவரோடு இருக்கட்டும். எனக்கு உரிமம் கொடுத்திருக்கும் அதிகாரிகளுக்கு இது தெரிந்தால் நானும் ஃபீகேவும் தெருவில்தான் நிற்க வேண்டும். உங்கள் பெயருக்கும் அது நல்லதல்ல. குறிப்பேடுகளை எரித்துவிடுங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

என்றும் நன்றியுடன்,
லேபரெக்ட் ஓஸ்டர்லோ


ரின்டெல்ன், 1 ஜூன் 1818

டாக்டர் அவர்களே,

கயிறு என் ஜன்னல் கொக்கியில் தொங்குகிறது. ஃபீகேவிடம் சொல்லுங்கள், எட்டாவது முடிச்சு மிக நேர்த்தி. உங்களுடையது கண்ணராவி.

கூடையில் இருந்த பட்டை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ரின்டெல்னில் பட்டை விற்கிற கடை ஒன்றுதான். உங்கள் புண்ணியத்தில் நான் படியேற முடியாமல் போன கடை. போனேன். கடையில் ஆறு பேர். ஹாஸன்பால்க் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "வாங்கம்மா. தள்ளி நிக்கட்டுமா? நாத்தம் அடிக்கப் போவுது."

ஆறு பேரும் சிரித்தார்கள். நான் சொன்னேன்: "நான் சொன்னது தப்பு, ஹாஸன்பால்க். உங்களைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல, அது நெசம். அத உங்ககிட்டயே சொல்லியிருக்கணும். நாத்தம்னு சொன்னது கெட்ட புத்தி. இப்ப ஒரு புள்ளைக்கு முறைக்காய்ச்சல். பட்டை வேணும். எவ்வளவு, எப்பிடிக் குடுக்கணும்னும் சொல்லணும்."

"எத்தனை வயசு?" என்றார்.

"ஒம்பது."

இடித்து வைத்திருந்த டப்பாவை மூடிவிட்டு உள்ளே போய்ப் புதுப் பட்டை எடுத்து வந்து அங்கேயே இடித்தார். "அது போன வருஷத்துச் சரக்கு. இது ப்ரேமன்ல இருந்து வந்து எட்டு நாள்தான் ஆவுது. ஒயின்ல குடுங்க, தண்ணில குடுத்தா கக்கிடும். ராத்திரியும் எழுப்பிக் குடுங்க, பாவம் பாக்காதீங்க." அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் வண்டியில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். உங்கள் நாற்காலியில் தூங்கியபடி நான் அருளியது அதுதான். பேசியது மருந்துக்கடைக்காரர்.

இனி குறிப்பேடுகள். நீங்கள் எரிக்கச் சொன்னீர்கள். நான் படித்தேன். இரண்டு நாள், ஒரு வரி விடாமல்.

முதல் குறிப்பேடு, மார்ச் 14. பக்கத்து ஓரத்தில் நாடி என்று போட்டு எண்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு கோட்டால் அடித்து, மேலே ஐம்பத்தெட்டு. மார்ச் 15: தொண்ணூறு, அடித்து, அறுபது. இரண்டாம் குறிப்பேட்டில் மார்ச் 20, அந்தப் பட்டை நாள்: தொண்ணூற்று நான்கு, அடித்து, ஐம்பத்தாறு. இருபத்து மூன்று இடம். எண்ணிப் பார்த்தேன்.

முதலில் நீங்கள் எல்லாம் தெரிந்தே செய்த களவாணி என்று நினைத்தேன். கையில் கிடைத்த விளக்கை எறியப் போனேன். அப்புறம் நீங்கள் அடித்த கோடுகளைப் பார்த்தேன். மறைக்கிறவன் மை வழிய அடிப்பான், கீழே இருப்பது தெரியாதபடி. நீங்கள் பள்ளிப் பிள்ளையின் கூட்டலைத் திருத்துகிற மாதிரி, ஒரே மெல்லிய கோடு போட்டிருக்கிறீர்கள். உங்கள் விரல்தான் தப்பாக எண்ணிவிட்டது என்று நிஜமாகவே நினைத்திருக்கிறீர்கள்! புத்தகத்தில் அறுபது என்று இருக்கிறது, ஆகவே விரல் பொய் சொல்கிறது.

எனக்கு வயிறு எரிகிறது, டாக்டர். களவாணியாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. களவாணி தன் பிள்ளைக்காவது ஒளித்துப் பட்டை கொடுத்திருப்பான். நான் விழித்துச் சொன்னதை நம்பவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நம்பவில்லை, உங்கள் சொந்த விரல் இருபத்து மூன்று முறை சொன்னதையும் நம்பவில்லை. ஆறாவது முடிச்சை அந்தப் பிள்ளையால் போட முடியாமல் போனதற்குக் காரணம் அந்தக் கோடுகள்தான். என் பொய்யும்தான். என் பங்கை நான் ஒளிக்கவில்லை.

அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் எல்லாம் கேட்டேன். நீங்கள் மணிக்கட்டை விட்டது, கூடையின் துணியை விலக்கியது, கரண்டி கிண்ணத்தில் டகடகவென்று மோதியது. தெரிந்துகொண்டுவிட்டார், அப்படியும் கலக்குகிறார் என்று எனக்கும் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக மட்டும் உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை இந்தக் கடைசிக் கடிதத்தால் கெடுத்துக்கொண்டீர்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுத உங்களுக்கு எப்படிக் கூசாமல் வந்தது? பக்கம் நாற்பத்தொன்று முடிந்துவிட்டதா? பட்டை வழியை அடைக்கும் என்று அடிக்கோடிட்டு அச்சில் கிடக்கிறது. பிரெஸ்லாவில் ஒரு வைத்தியர் அதைப் படித்துவிட்டு, இன்றைக்கு யார் வீட்டுப் பிள்ளைக்கோ பட்டை கொடுக்காமல் கைகட்டி நிற்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தூங்குகிற மாதிரி நடிக்க நான் பிரெஸ்லாவுக்குப் போகட்டுமா?

குறிப்பேடுகளை எரிக்க மாட்டேன். வரும் வியாழக்கிழமை ஏழையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். அதே பத்திரிகைக்கு நீங்கள் எழுத வேண்டும். கெ. வி. தூங்கவில்லை, பட்டையைப் பற்றி அவள் சொன்னது பொய், நாடி இருபத்து மூன்று முறை அதைச் சொன்னது, வைத்தியர் அதை அடித்துவிட்டார் என்று. உங்கள் பெயர் முழுசாக. என் பெயரும் முழுசாக, கெசீனா விட்கோப், ரின்டெல்ன், வடக்கு வாசல். எனக்கு இங்கே என்ன நடக்கும் என்று தெரியும். நேற்றே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "பெட்டியைக் கட்டிக்கோ" என்றான். கட்டிவிட்டேன். பின்னறை மெட்டாவுக்கு.

உங்களுக்கு என்ன நடக்கும் என்று நீங்கள் பயப்படுவதும் தெரியும். முறைக்காய்ச்சலுக்குப் பட்டை கொடுக்கத் தெரிந்த வைத்தியருக்கு இந்த ஆற்றங்கரையில் சோறு கிடைக்காமல் போகாது. தொட்டியில் இருக்கும் இரும்புத்தூளைக் கொட்டிவிட்டு அதில் துணி ஊறப்போடுங்கள்.

நாற்காலியை ஜன்னல் பக்கம், வெளிச்சத்தில் போடுங்கள். வேண்டுமானால் பாதிரியாரையும் பள்ளி ஆசிரியரையும் கூப்பிடுங்கள், சுங்கத்துக்காரரும் வரட்டும். ஃபீகேவும் இருக்கட்டும். நீவ வேண்டாம். நான் கண்ணைத் திறந்துகொண்டு சொல்வேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் முடிக்கிறவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது.

கெசீனா விட்கோப்